கூரைக்குக் கீழே வாடகைக்கு இடமில்லை

ரொறொன்ரோவில் வீடு வாங்குகிறவன் மூன்று தரப்புக்குக் கட்டுப்பட்டவன்: வங்கி, நகரசபை, ரக்கூன். முதல் இரண்டும் தபாலில் வரும். மூன்றாவது கூரையால் வரும். வங்கியோடு பேசி வட்டியைக் கொஞ்சம் குறைத்தவர்களை எனக்குத் தெரியும். ரக்கூனோடு பேசி எதையாவது சாதித்தவர் எவரையும் தெரியாது.

ரக்கூனைக் காணாதவர்கள், ஊரில் கோழிக்கூட்டை உடைக்கும் மரநாயை நினைத்துக்கொண்டு எடையை இரண்டு மூன்று மடங்காக்கிப் பார்க்கலாம். கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டி, வளையம் வளையமாக வால், ஐந்து விரல் உள்ள முன்கை. அந்தக் கைதான் வில்லங்கம். குப்பைத்தொட்டி மூடியைத் திறக்கும், தகரத்தை நெம்பும், தாழ்ப்பாளைத் தடவிப் பார்த்து யோசிக்கும். 2015-இல், ஜோன் ரோரி மேயராக இருந்தபோது, ரக்கூன் திறக்கமுடியாத பூட்டு வைத்த பச்சைத் தொட்டிகளுக்கு இந்த நகரம் 3 கோடி 10 லட்சம் டொலர் ஒதுக்கியது. அடுத்த வருடம் வீடுவீடாகத் தொட்டி வந்தது. சில ரக்கூன்கள் அதையும் திறந்து காட்டின. அதே 2015 ஜூலையில் யங் வீதியும் சேர்ச் வீதியும் சந்திக்கும் இடத்தில் ஒரு ரக்கூன் செத்துக் கிடந்தது. நகரசபை ஆட்கள் வந்து எடுக்க இரவாகிவிட்டது. அதற்குள் சனங்கள் பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்தி, சட்டம் போட்ட படம் வைத்து, கொன்ராட் என்று பெயரும் சூட்டிவிட்டார்கள். நான் செத்தால் எங்கள் தெருவில் ஒரு மெழுகுதிரியாவது எரியுமா என்பது சந்தேகம்.

இப்படிப்பட்ட ஊரில்தான், குளிர் தொடங்கும் காலம் பார்த்து, என் வீட்டுக் கூரையின் விளிம்பைச் சுற்றிவரத் திறந்து வைத்தேன்.

திறந்தது ரக்கூனுக்காக அல்ல, மாமிக்காக. எங்கள் வீடு ஸ்காபரோவில் 1950களில் கட்டிய செங்கல் பங்களா. சுவருக்குள் இன்சுலேசன் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மாமி என்னோடு நேரே பேசுவதில்லை. மருமகனுக்குக் கொடுக்கும் மரியாதை அது. சொல்லவேண்டியதை எனக்குக் கேட்கும் தூரத்தில் வைத்து மகளிடம் சொல்லுவார். “பிள்ளை, இந்தச் சுவரிலை கையை வைச்சுப் பார். அவருக்கு இது குளிரேல்லையாம்.” இதற்கு மேல் ஒரு பரிசோதனை தேவையில்லை. ஆனால் அரசாங்கத்துக்குத் தேவைப்பட்டது. 2021-இல் மத்திய அரசு தொடங்கிய பசுமை வீட்டு மானியத்தில் 5,000 டொலர் வரை கிடைக்கும் என்றார்கள்; வேலைக்கு முன்னும் பின்னும் ஒரு மதிப்பீட்டாளர் வந்து பார்க்கவேண்டும்.

வந்தவர் முன்கதவைத் திறந்து, நிலையைத் துணியால் அடைத்து, நடுவில் ஒரு பெரிய விசிறியைப் பூட்டி வீட்டுக் காற்றை வெளியே இழுத்தார். உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் வித்தியாசம் வந்ததும், எங்கெங்கே சந்து உண்டோ அங்கெல்லாம் வெளிக்காற்று சீறிக்கொண்டு வந்தது. பிளக் துளையால், விளக்கு ஓட்டையால், கூரைக்கு அடியில் உள்ள அற்றிக்கின் மூடி ஓரத்தால். மனைவி கையை நீட்டியபடி அவர் பின்னாலேயே நடந்தாள். “இஞ்சருங்கோ, இதாலையும் வருது. நான் அப்பவே சொன்னனான்.” பல வருடப் புகார்கள் எல்லாம் ஒரே நாளில் அரச முத்திரையோடு உறுதியாகின. நான் தேநீர் போடுகிறேன் என்று குசினிக்குப் போனேன். அங்கேயும் காற்று வந்தது.

பாறையை உருக்கி நூலாக இழுத்துச் செய்கிற ரொக்வூல் பலகையைச் சுவரின் வெளிப்பக்கம் முழுக்க அடித்து, அதற்கு மேல் மரச்சட்டமும் புதிய சைடிங்கும் போடுவது என்று முடிவாயிற்று. மூன்று அங்குலப் பலகைக்கு ஏறத்தாழ ஆர்-12 காப்பு. உள்ளே ஒரு அலுமாரியையும் நகர்த்தத் தேவையில்லை என்பது மனைவிக்குப் பிடித்தது. எனக்கும் பிடித்தது, அலுமாரி நகர்த்துகிறவன் நான்.

கொன்ராக்டர் தம்பி வவுனியாப் பக்கம். பேசும்போது நிலத்தைப் பார்த்துப் பேசுவார், விலை சொல்லும்போது மட்டும் வானத்தைப் பார்ப்பார். முதல் கேள்வியே “அண்ணை, அற்றிக்கிலை என்ன கிடக்கு?” என்பதுதான். பழைய சூட்கேசுகள் என்றேன். அவர் கேட்டது இன்சுலேசனை. இந்த வயது வீடுகளில் வெர்மிகுலைற் என்ற மினுங்கும் சரளை கிடக்கலாம். அமெரிக்காவின் மொன்ரானாவில் லிபி என்ற ஊர்ச் சுரங்கத்திலிருந்து வந்தது, அஸ்பெஸ்ரஸ் கலந்தது, 1990-இல் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். அது இருந்தால் தொடமாட்டேன் என்றார். தம்பி ஏறிப் பார்த்தார். எங்களிடம் இருந்தது அரைத்த பழைய பத்திரிகைத்தாள், பூச்சிக்கும் நெருப்புக்கும் எதிராக போரேற் உப்புப் போட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. என் வீட்டில் கடைசிவரை வாசிக்கப்பட்ட பத்திரிகை அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து அவர் சொன்னதுதான் இந்தக் கதைக்கு மூலம். சுவரை மட்டும் போர்த்திவிட்டு மேல்விளிம்பை விட்டால், சூடு சுவருக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள சந்தால் தப்பிவிடும். சுவரின் போர்வை மேலேறி அற்றிக்கின் போர்வையைத் தொடவேண்டும். அதற்கு இறவாரத்தின் அடிப்பலகையான சொஃபிற், அதன் முன்பலகை, பீலி எல்லாவற்றையும் கழற்றவேண்டும். சுவரும் நாலைந்து அங்குலம் தடிக்கப்போகிறது, பழைய சொஃபிற் எப்படியும் பொருந்தாது. ஆக, வேலை முடியும்வரை அற்றிக் நாலு பக்கமும் வாய் திறந்து நிற்கும்.

“பெரிய பிளாஸ்ரிக் தாளாலை வீட்டையே சுத்திக் கட்டிவிட்டால் என்ன, தம்பி?” என்று கேட்டேன். எனக்கு இப்படி யோசனைகள் வரும்.

அவர் நிலத்தைப் பார்த்தார். அற்றிக் மூச்சு விடவேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். நாங்கள் சமைப்பதும் குளிப்பதும் உடுப்புக் காயப்போடுவதுமாக எழும் ஈரக்காற்று மேலே போய், குளிரில் கூரைப் பலகையின் அடியில் பனியாக ஒட்டும், வெயில் பட்டதும் உருகி வழியும், பிறகு பூஞ்சணம். அதனால்தான் ஒன்ராறியோக் கட்டடச் சட்டம், உட்கூரைப் பரப்பில் முந்நூறில் ஒரு பங்கு காற்றுவழி வைக்கச் சொல்கிறது. 1,200 சதுர அடி வீட்டுக்கு நாலு சதுர அடி. அதாவது நாலு சதுர அடி ஓட்டை வைக்கச் சட்டம் கட்டளையிடுகிறது, அதற்குள்ளால் எதையும் வரவிடாமல் பார்ப்பது என் பொறுப்பு.

எப்போது தொடங்குவது? தம்பிக்கு மே மாதம் வசதி. விலையும் கொஞ்சம் இறக்கலாம் என்று வானத்தைப் பார்த்தார். நல்லவேளையாக மனைவி, காட்டு விலங்குகளை வீடுகளில் இருந்து கிளப்புகிற தொழில் செய்யும் ஒருவருக்குப் போன் போட்டுக் கேட்டாள். மே மாதம் என்றதும் மனுசன் சிரித்துவிட்டாராம். ரக்கூன் குட்டி போடுவது ஏப்ரல் மே. தாயை வெளியே விட்டு அடைத்தால் அது குட்டிக்காகக் கூரையையே பிய்க்கும். ஜூன் ஜூலையில் வௌவால் குட்டிகளுக்குப் பறக்கத் தெரியாது. சின்னக் கபில வௌவால் அழிந்துவரும் இனமாகச் சட்டத்தில் காக்கப்படுவது, கைவைத்தால் நான்தான் உள்ளே போவேன். அணில் வருடத்துக்கு இரண்டு பேறு, மாசி பங்குனியில் ஒன்று, கோடை முடிவில் ஒன்று. ஓகஸ்டில் மஞ்சள் குளவிக் கூடுகள் உச்சத்தில் இருக்கும். செப்ரெம்பரில், புல்தரையில் மண்புழுவுக்குள் வளர்ந்த கொத்து ஈக்கள் குளிர்காலம் தூங்க இடம் தேடிக் கூட்டமாக வரும். ஒக்ரோபரில் எலி. நவம்பரில் எதுவும் வராது, கொன்ராக்டரும் வரமாட்டார், குளிரில் பசை ஒட்டாது.

பன்னிரண்டு மாதத்தில் என் கூரைக்கு விண்ணப்பம் போடாத உயிர் இல்லை. கடைசியில் செப்ரெம்பர் என்று தீர்ந்தது. ரக்கூன் குட்டிகள் தாயோடு நடக்கும், வௌவால் பறக்கும், அணிலின் இரண்டாம் பேறும் கண் திறந்து வெளியே வரத் தொடங்கியிருக்கும். ஈ மட்டும்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோது நான் கவனமாக இருக்கவேண்டும்.

விசயத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதுதான் தாமதம், உலகம் முழுக்கக் கூரைக் கதைகள் வந்து குவிந்தன. சிதறிப்போன எங்கள் சனம் போன நாட்டுக்கெல்லாம் ஒவ்வொரு விலங்கு காத்திருந்திருக்கிறது. மெல்பேண் சித்தப்பாவுக்கு பொசம். பிடிக்கலாம், ஆனால் அதே வளவுக்குள் 50 மீற்றர் தாண்டாமல் விடவேண்டும் என்பது விக்ரோறியா மாநிலச் சட்டம். அவர் பிடித்து விட்டுவிட்டுக் கதவைப் பூட்டுவதற்குள் அது கூரையில் இருக்குமாம். லண்டன் மச்சாளுக்கு வௌவால். 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் உறைவிடத்தைக் கலைப்பதே குற்றம் என்பதால், கூரைவேலைக்கு வௌவாலின் நேரம் பார்த்து நாள் வைத்தாளாம். கல்யாணத்துக்கு அவள் இவ்வளவு பார்க்கவில்லை. ஜேர்மனி மச்சானுக்கு மார்டர் என்ற ஒன்று, கூரையில் படுத்து எழும்பிப் போகிற வழியில் காரின் வயரையும் கடித்துவிட்டுப் போகிறது. போதாததற்கு, 1934-இல் ஹெஸன் மாநிலத்து ஏடர் ஏரிக்கரையில் அவிழ்த்துவிட்ட இரண்டு சோடி ரக்கூன்கள் பெருகி காஸல் நகரத்துக் கூரைகளை நிரப்பிவிட்டன என்றும் எழுதியிருந்தான். அவனுக்கு நான் ரக்கூன் கதை சொல்லப்போய், அவன் எனக்குச் சொன்னான். ஊரில் இருக்கும் பெரியண்ணை மட்டும் ஒரே வரி போட்டார்: “இஞ்சை கூரை எல்லாப் பக்கமும் திறந்துதான் கிடக்கு, ஒண்டும் வரேல்லை.” பிறகு, “சாரை ஒண்டு நிக்குது, அது எலியைப் பாக்கும்” என்று இன்னொரு வரி.

தம்பியின் திட்டம் நல்லது. நாலு பக்கத்தையும் ஒரேயடியாகத் திறக்காமல் பக்கம் பக்கமாகத் திறப்பது. திறந்ததை ஒவ்வொரு நாள் பின்னேரமும் அரை அங்குலக் கண் உள்ள நாகம் பூசிய கம்பிவலையால் மூடுவது, ஸ்டேப்பிள் அல்ல, வொஷர் போட்ட திருகாணி. நுளம்புவலை அணிலுக்கு ஒரு வாய். நுரை மருந்து அடித்தால் எலி அதைத் துருவிக்கொண்டு போகும். பென்சில் தடிப்புச் சந்து போதும் எலிக்கு, ஆறு மில்லிமீற்றர். வௌவாலுக்கு அரை அங்குலம், அணிலுக்கு ஒன்றரை. நிரந்தரமாகப் போடும் வலைக்குக் கால் அங்குலக் கண் வேண்டும். இந்த அளவுகளை எல்லாம் நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை ஏணி பிடிப்பது. உயரம் எனக்கு ஒத்துவராது, ஆனால் ஏணியின் அடி எனக்கு நன்றாக ஒத்துவரும். ஒரு ஆள் ஏறி நிற்கும் ஏணியை நான் பிடிப்பதில் உள்ள உறுதியைத் தம்பியே பாராட்டினார். பிறகு தன்னுடைய பையனிடம், “அண்ணையை அப்பிடியே பிடிச்சுக்கொண்டு நிக்கச் சொல்லு, வேறை ஒண்டுக்கும் விடாதை” என்று சொன்னதும் என் காதில் விழுந்தது.

பக்கத்து வீட்டு மாஸ்டர் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நிற்பார். பருத்தித்துறைப் பக்கம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எந்தப் பிரச்சினையையும் முதலில் ஒரு வடிவமாகக் கீறிப் பார்ப்பார். “உம்மடை கூரைச் சுற்றளவு நூற்றைம்பது அடி. அரை அடி விட்டாலும் அது வாசல்தான். அவை சராசரி பாக்கிறேல்லை, குறைஞ்சதைத்தான் பாக்கிறவை” என்றார். வேலை நடந்த காலம் முழுவதும் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் இதுதான் சரியானது. அதனால்தான் எரிச்சலாக இருந்தது.

அந்த அரை அடி, பின்மூலையில் ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தது, வலை முடிந்துபோனது, நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுத் தம்பி திங்கள் வருகிறேன் என்று போய்விட்டார். நடுச்சாமத்துக்குப் பிறகு படுக்கை அறைக்கு நேர் மேலே காலடி கேட்டது. எலி ஓடும், அணில் பாயும். இது நடந்தது. நின்றது. எங்களுடைய பழைய சூட்கேசுகளில் ஒன்று இழுபட்டது.

“ஆரோ நிக்கினம்” என்றாள் மனைவி. மரியாதைப் பன்மையில் சொன்னாள்.

உடனே எழுந்து, அறைக் கதவை உள்ளே பூட்டினேன்.

காலையில் போனில் விலங்குக்காரர் ஒரு வழி சொன்னார்: ஓட்டையைக் கசக்கிய பத்திரிகைத்தாளால் அடைத்துப் பாருங்கள், தள்ளப்பட்டுக் கிடந்தால் உள்ளே ஆள் உண்டு, இரண்டு மூன்று நாள் அசையாமல் இருந்தால் இல்லை. எங்கள் வீட்டில் தட்டுப்பாடில்லாத பொருள் அது. தமிழ்க் கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும் வாரப் பத்திரிகைகளை மரக்கறியோடு சேர்த்து அள்ளி வருவது என் பழக்கம். அதில் பாதிப் பக்கம் வீடு விற்கும் முகவர்கள் கோட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். மகன் ஏறி அடைத்தான், நான் ஏணி பிடித்தேன். மறுநாள் விடிய, “உங்கள் கனவு இல்லத்துக்கு இன்றே அழையுங்கள்” என்றபடி ஒரு முகவர் புல்தரையில் மல்லாந்து கிடந்தார். உள்ளே இருந்தவருக்கு முகவர் தேவைப்படவில்லை.

அது என்ன விலங்கு என்று அறிய அற்றிக் வாயில் ஒரு பலகை வைத்து மாத் தூவும்படியும் அவர் சொல்லியிருந்தார். எந்த மா என்று சொல்லவில்லை. கையில் அகப்பட்டது புட்டுக்கென்று மாமி வறுத்து அரித்து வைத்திருந்த சிவப்பு அரிசிமா. காலையில் பலகையை இறக்கி மேசையில் வைத்து எல்லோரும் குனிந்தோம். ஐந்து விரலும் பிரிந்த சின்னக் கைத்தடங்கள், குழந்தை மாவில் விளையாடிய தடம் என்றே சொல்லலாம். ஓரத்தில் ஒரு பெரிய தடமும் இருந்தது. நான் பதறிப்போனேன், இது வேறு ஏதோ பெரிய மிருகம், கரடியாகக்கூட இருக்கலாம் என்றேன். மாமி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

“பிள்ளை, அது அவற்றை சொக்ஸ்.”

பிறகு, கொஞ்சம் தாழ்ந்த குரலில்: “எந்த மாவை எடுத்தவர் எண்டும் ஒருக்காக் கேள்.”

விலங்குக்காரர் வருவதற்கிடையில் எனக்குத் தெரிந்த மனிதாபிமான வழிகளை எல்லாம் செய்து பார்த்தேன். பூச்சி உருண்டை வைத்தேன். வாசம் முழுக்கக் கீழே எங்களுக்கு வந்தது. மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி ஒன்றை வாங்கிப் பூட்டினேன். அதை விற்பவர்கள் சொல்வதற்கு ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2001-இலேயே எச்சரித்திருக்கிறது என்று மகன் படித்துக் காட்டினான், காசு கட்டிய பிறகு. கடைசியில் ரேடியோ. ஆட்கள் பேசுகிற நிலையத்தைச் சத்தமாக வைத்தால் தாங்காமல் போய்விடும் என்பது பரவலான அபிப்பிராயம். தமிழ் ரேடியோவில் நேயர்கள் அழைக்கும் அரசியல் கலந்துரையாடலை அற்றிக் மூடிக்குக் கீழே முழு ஒலியில் வைத்தேன். இரண்டாவது நேயர் வரும்போது மேலே காலடி நின்றது. படுத்துக் கேட்டிருக்கவேண்டும். மாமிதான் அறையை விட்டுப் போனார்.

விலங்குக்காரர் மெல்லிய ஆள், முகமூடி போட்டுக்கொண்டு ஏறினார். ரக்கூன் ஒரே இடத்தில் கழிக்கும் பழக்கமுள்ளது, அதில் உருண்டைப்புழு முட்டை இருக்கலாம், மனிதருக்கு ஆபத்து, ஆகவே பார்க்க ஆசைப்பட்டுத் தலையை விடவேண்டாம் என்றார். எனக்கு அந்த ஆசை ஒருபோதும் இருந்ததில்லை. ஒரு ஆள்தான், குட்டி இல்லை என்று இறங்கினார்.

“பிடித்துக்கொண்டுபோய் எங்கேயாவது தூரக் காட்டில் விடுவீர்களா? அல்கொன்குவின் பூங்கா நல்ல இடம்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இந்தக் கேள்வியைத் தினமும் கேட்பது தெரிந்தது. ஒன்ராறியோவின் 1997-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி, பிடித்த விலங்கை 24 மணி நேரத்துக்குள், பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் விடவேண்டும். தெரியாத ஊரில் விட்டால் அது பிழைக்காது, நோயும் பரவும். என்னுடைய வரிப்பணத்தில் எனக்கு இல்லாத வதிவிட உரிமை அதற்கு இருந்தது. அவர் பிடிக்கவும் இல்லை. மற்ற எல்லாச் சந்தையும் வலையால் அடைத்து, பின்மூலையில் மட்டும் வெளிப்பக்கம் தள்ளினால் திறந்து தானே மூடிக்கொள்ளும் ஒருவழிக் கதவு பூட்டினார். பசித்தால் போகும், திரும்பி வரமுடியாது.

போயிற்று. கதவு அடித்த சத்தத்தை நானும் மனைவியும் இருட்டில் கேட்டோம். கொஞ்ச நேரம் வெளியே நின்று கதவைப் பிராண்டியது. அந்தக் கை சந்து சந்தாகத் தடவிப் பார்ப்பது தெரிந்தது. எங்கும் அரை அடி கிடைக்கவில்லை.

திங்கள் வந்த தம்பி, தார்ப்பாய் கிழிந்து தொங்கியதைப் பார்த்து நிலத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு வலை குறையவே இல்லை. மிச்சப் பக்கங்கள் விரைவாக முடிந்தன. புதிய சொஃபிற், காற்றுவழிக்கு உள்ளே கால் அங்குல வலை, பீலி, எல்லாம் ஒழுங்காக ஏறின. மதிப்பீட்டாளர் மறுபடி விசிறி பூட்டினார். மனைவி கையை நீட்டிக்கொண்டு நடந்து, சொல்ல ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தாள். பனி கொட்டத் தொடங்கியதும் மாமி சுவரில் கைவைத்துப் பார்த்தார். நான் பேப்பர் வாசிக்கிற பாவனையில் காத்திருந்தேன்.

“பிள்ளை, வீடு புழுங்குது. அவரை யன்னலைத் திறக்கச் சொல்லு.”

திறக்கப் போனபோதுதான் மாஸ்டர் வேலியடியில் நிற்பது தெரிந்தது. கையில் டோர்ச். பின்வளவில் அவருடைய தோட்டச் சாமான் ஷெட்டின் கூரைத் தகரம் ஒரு மூலையில் மேலே மடிந்திருந்தது.

“உம்மடை ஆள் என்ரை ஷெட்டுக்கை குடிவந்திட்டார்” என்றார்.

“அவர் ஆரின்ரையும் ஆள் இல்லை, மாஸ்டர். சட்டப்படி பாத்தாலும் பிழை இல்லை. என்ரை வீட்டை மையமாய் வைச்சு ஒரு கிலோமீற்றர் ஆரையிலை வட்டம் ஒண்டு கீறினால், உங்கட ஷெட் உள்ளுக்கைதான் வருது.”

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கணித ஆசிரியரை மடக்கிவிட்டேன் என்று யன்னலில் சாய்ந்து நின்றேன். மாஸ்டர் ஷெட்டைப் பார்த்தார். என் புதிய சொஃபிற்றை மூலைக்கு மூலை டோர்ச் அடித்துப் பார்த்தார்.

“சரி, அந்த ஆளின்ரை நம்பரைத் தாரும், நாளைக்கு வரச் சொல்லுறன். ஆனா இப்ப மையம் என்ரை ஷெட் எல்லே? அதிலை வைச்சு ஒருக்காக் கீறிப் பாரும், ஆற்றை வீடு உள்ளுக்கை வருதெண்டு.”